தீர்க்கத் தெரியும், எழுத வராது: இருமாறிச் சமன்பாட்டு வாக்கியக் கணக்குகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்தை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் நடந்தது இது. பிள்ளைகளில் பலர் மாந்தோப்பும் தக்காளியும் பால்மாடும் உள்ள வீடுகளிலிருந்து வருபவர்கள். காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு இருமாறி நேரிய சமன்பாடுகள், அதாவது தெரியாத எண்கள் இரண்டு உள்ள சமன்பாடுகள், எடுக்கப்பட்டன. வரைபட முறை, பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை என்று பாடநூல் வரிசைப்படியே நான்கும் நடந்து முடிந்திருந்தன. வாக்கியக் கணக்குகளுக்கு வந்தபோதுதான் வகுப்பு தடுமாறியது.

பாடநூலில் எக்ஸ், ஒய் என்று வருபவை இந்தக் கட்டுரையில் க, ட என்று எழுதப்படுகின்றன. பொருளின் பெயரோடு ஒட்டாத எழுத்துகளாக இவை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. காரணம் கீழே தானாகத் தெரியும்.

முதல் தாளில் தெரிந்தவை

ஆசிரியர் நான்கு கேள்விகள் கொண்ட சிறு தாள் ஒன்றை வைத்தார். முதல் கேள்வி நேரடிச் சமன்பாடு: 2க + 3ட = 13, 5க − ட = 7. வகுப்பில் பெரும்பாலோர் க = 2, ட = 3 என்று சரியாகவே போட்டிருந்தார்கள். நீக்கல் முறையில் குறி மாறிப்போன ஒருசிலர் தவிர, தீர்க்கும் திறனில் குறை சொல்ல இடமில்லை.

இரண்டாம் கேள்வி இது: ஒரு மண்டிக்குச் செந்தூரா, பெங்களூரா என்ற இருவகை மாங்காயும் சேர்ந்து 120 கிலோ வந்தது. செந்தூரா கிலோ 35 ரூபாய், பெங்களூரா கிலோ 20 ரூபாய். மொத்தத் தொகை 3,150 ரூபாய். ஒவ்வொன்றும் எத்தனை கிலோ? மூன்றாவது வயதுக் கணக்கு, நான்காவது ஈரிலக்க எண் கணக்கு.

மாங்காய்க் கணக்கைச் சரியாக முடித்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்களின் தாள்களை ஆசிரியரும் இன்னொரு பிரிவின் கணித ஆசிரியையும் சேர்ந்து பிரித்துப் பார்த்தார்கள். மதிப்பெண் போடாமல், தவறுகளை மட்டும் வகைப்படுத்தினார்கள்.

அதிகம் கண்ணில் பட்டது 35க + 20ட = 120 என்ற சமன்பாடு. இடப்பக்கம் ரூபாய், வலப்பக்கம் கிலோ. இன்னொரு கூட்டம் க + ட = 120, க + ட = 3150 என்று எழுதி, கழித்துப் பார்த்து, 0 = 3030 என்று வந்ததும் அந்த இடத்தோடு நிறுத்தியிருந்தது. மூன்றாவது வகைதான் கூர்ந்து பார்க்க வேண்டியது. சமன்பாடுகள் சரி, தீர்வும் சரி. கடைசி வரியில் மட்டும் 'ஒரு கிலோ செந்தூராவின் விலை 50 ரூபாய்' என்று இருந்தது. கேள்வியிலேயே விலை 35 என்று அச்சாகியிருக்கிறது!

அடுத்த நாள் ஆசிரியர் சிலரைத் தனியே அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்: "இதுல க-ன்னா என்ன?" கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "செந்தூரா சார்."

சிக்கலின் வேர் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. அவர்களுக்கு எழுத்து என்பது ஒரு பொருளின் சுருக்கப் பெயர். அப்படிப் பார்த்தால் 35க என்பது '35 செந்தூரா' ஆகிவிடும், 20ட என்பது '20 பெங்களூரா'. அவற்றைக் கூட்டினால் மொத்தச் சரக்கு வரும், அது 120. அவர்கள் நினைப்பின்படி 35க + 20ட = 120 ஒழுங்கான வாக்கியமே. எழுத்து குறிப்பது ஓர் எண்ணை, அந்த எண்ணுக்கு அலகு உண்டு என்பது மட்டும் விடுபட்டுப் போயிருக்கிறது.

இதைக் கிராமத்துப் பள்ளியின் குறையாக எண்ண வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம், 'ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர் வீதம் இருக்கிறார்கள்' என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னபோது மூன்றில் ஒருவருக்கு மேல் தவறினார்கள். பெரும்பாலான தவறு, ஆறை மாணவர் எண்ணிக்கையோடு பெருக்கியது. எழுத்தைப் பொருளாகப் படிக்கும் அதே பழக்கம்தான்.

மண்டிக் கணக்கு

தவறு செய்தவர்களில் ஒரு பையன் மாம்பழக் காலத்தில் உறவினரின் மண்டியில் எடை எழுதிக் கொடுப்பவன். அவன் தாளிலும் 35க + 20ட = 120தான். தாளை மூடி வைத்துவிட்டு, வாயால் சொல்லச் சொன்னார் ஆசிரியர். அவன் தாள் இல்லாமலே சொன்னான்:

"எல்லாமே பெங்களூரான்னு வெச்சிக்கலாம் சார். இருபது மேனிக்கு 120 கிலோவுக்கு ரெண்டாயிரத்து நானூறு. ஆனா 3,150 வந்திருக்குது. 750 ஜாஸ்தி. செந்தூரான்னா கிலோவுக்குப் பதினஞ்சு ஜாஸ்தி. அப்ப அம்பது கிலோ செந்தூரா. மீதி எழுபது."

விடை சரி. ஆசிரியர் அதைப் பாராட்டிவிட்டுக் கடந்துபோகாமல், அவன் சொன்னதைக் கரும்பலகையில் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் நீக்கல் முறையை வரிக்கு வரி பொருத்தினார்.

க + ட = 120 என்பதை 20ஆல் பெருக்கினால் 20க + 20ட = 2400. இது அவன் சொன்ன 'எல்லாமே பெங்களூரா'. அதை 35க + 20ட = 3150இலிருந்து கழித்தால் 15க = 750. இது 'கிலோவுக்குப் பதினஞ்சு ஜாஸ்தி, மொத்தம் 750 ஜாஸ்தி'. க = 50.

நீக்கல் முறையில் ஏன் பெருக்குகிறோம், ஏன் கழிக்கிறோம் என்று அதுவரை கேட்காத வகுப்பு அன்றைக்குக் கேட்டது. 20ஆல் பெருக்கிய வரிக்கு மண்டியில் ஒரு பொருள் இருக்கிறது என்று கண்ட பிறகு, அதையே 35ஆல் பெருக்கினால் என்ன பொருள் என்று ஒரு மாணவி கேட்டாள். 'எல்லாமே செந்தூரா' என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. 4,200 ரூபாய் ஆகியிருக்கும், 1,050 குறைகிறது, கிலோவுக்கு 15 குறைவு, ஆக 70 கிலோ பெங்களூரா.

அப்படியானால் மனக்கணக்கையே சொல்லிக் கொடுத்தால் போதாதா என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எழுந்தது. போதாது. மொத்த எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் தரப்பட்ட கணக்குகளில்தான் 'எல்லாம் ஒரே வகை' என்று வைத்துப் பார்ப்பது எளிதாகக் கைகொடுக்கும். வயதுக் கணக்கில் அப்படி வைத்துப் பார்க்க எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, குறிச்சொல் பட்டியலைக் கைவிடுவது. 'மொத்தம் என்றால் கூட்டு, அதிகம் என்றால் கூட்டு, மடங்கு என்றால் பெருக்கு' என்ற பட்டியல் பல பிள்ளைகளின் நோட்டின் பின்னட்டையில் இருந்தது. 'பேனாவின் விலை பென்சிலின் விலையைவிட 7 ரூபாய் அதிகம்' என்று வந்தால், இந்தப் பட்டியலை நம்பும் பிள்ளை முதலில் வரும் பேனாவோடு 7ஐக் கூட்டி, க + 7 = ட என்று எழுதிவிடும். கூடுதலாக இருப்பதன்மீதே மேலும் கூட்டும் தவறு இது.

இரண்டாவது, எழுத்து வருவதற்கு முன் ஊக எண்ணை வைத்து ஒரு அட்டவணை போடுவது. விடை தெரிந்தால் அது சரியா என்று சோதிக்க எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சோதனையின் வடிவமே சமன்பாடு. ஆகவே சோதனையை முதலில் எழுத வைத்து, பிறகு ஊக எண்ணின் இடத்தில் எழுத்தை வைப்பது என்று தீர்மானித்தார்கள்.

மூன்றாவது, 'க என்பது …' என்று தொடங்கி அலகோடு முடியும் ஒரு முழு வாக்கியம் இல்லாமல் சமன்பாட்டைத் திருத்துவதில்லை. வகுப்புத் தேர்வில் 5 மதிப்பெண் கணக்குக்கு இப்படிப் பிரித்தார்கள்: இந்த வாக்கியத்துக்கு 1, இரு சமன்பாடுகளுக்கு 2, தீர்வுக்கு 1, விடையைக் கேள்வியின் சொற்களில் வைத்துச் சரிபார்ப்பதற்கு 1. சரிபார்ப்பைத் தான் எழுதிய சமன்பாட்டில் செய்தால் மதிப்பெண் இல்லை. தவறான சமன்பாட்டிலும் அதன் தீர்வு கச்சிதமாகப் பொருந்தும். அது எதையும் காட்டிக் கொடுக்காது.

இதற்கெல்லாம் பாடவேளை எங்கே என்று ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி, அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. குறுக்குப் பெருக்கல் முறைக்கான பயிற்சியை ஒரே பாடவேளையாகச் சுருக்கினார்கள். ஒரு முறை கைக்கு வந்தால் வாக்கியக் கணக்குக்கு அது போதும். குறுக்குப் பெருக்கலில் கூட்டல், கழித்தல் குறி மாறும் பிழை அதிகம், அதன் வரிகளுக்கு மண்டியில் சொல்லிக் காட்டும்படியான பொருளும் இல்லை.

அட்டவணை வகுப்பில் நடந்த விதம்

மாங்காய்க் கணக்குக்கு நான்கு நிரல்கள்: வகை, எடை (கிலோ), கிலோவுக்கு ரூபாய், தொகை (ரூபாய்). செந்தூரா 40 கிலோ என்று ஊகித்தால் பெங்களூரா 80. தொகை 40 × 35 + 80 × 20 = 3000. வேண்டியதோ 3150. ஊகம் தவறு.

இங்கே இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்காவிட்டால் அட்டவணையே வீண். ஒன்று, பெருக்கி முடித்து 1400 + 1600 என்று எழுதக் கூடாது. 40 × 35 என்று அப்படியே நிற்க வேண்டும். 1400 ஆகிவிட்டால் 40 எங்கே போயிற்று என்று தெரியாது, எழுத்தை வைக்கவும் இடம் இருக்காது. முதல் இரண்டு நாள் பாதி வகுப்பு பழக்கதோஷத்தில் பெருக்கியே வைத்தது. இரண்டு, ஊக எண் கேள்வியில் உள்ள எண்ணாக இருக்கக் கூடாது. 20 கிலோ என்று ஊகித்த மாணவிக்கு 20 × 35 + 100 × 20 என்று வந்தது. எந்த 20ஐ எடுத்துவிட்டு எழுத்தை வைப்பது என்று அவள் குழம்பினாள்.

40ஐ அழித்து க, 80ஐ அழித்து ட. எடை நிரலைக் கூட்டினால் க + ட = 120, தொகை நிரலைக் கூட்டினால் 35க + 20ட = 3150. ஒரு நிரலில் ஒரே அலகுதான் இருக்கும் என்பதால் ரூபாயும் கிலோவும் கலக்க வழியில்லை. இரண்டு சமன்பாடுகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. 40 வைத்தால் 3000, 150 குறைகிறது, 50 வைத்துப் பார்ப்போம் என்று சிலர் ஊகத்திலேயே விடையைப் பிடித்துவிட்டு, சமன்பாடு எதற்கு என்று பேனாவை மூடினார்கள். ஆசிரியர் மொத்தத் தொகையை 3,217.50 ஆக மாற்றினார். அதற்கு விடை 54.5 கிலோவும் 65.5 கிலோவும். முழு எண்ணாக வராத விடையை ஊகித்துப் பிடிக்க யாருக்கும் பொறுமை இல்லை. அட்டவணைக்குத் தரும் கணக்குகளில் விடை முழுப் பத்துகளாக அமையாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம் எதிர்ப்பு இருந்தது. "நேரா போட்டாலே ஆன்சர் வருதே சார், எதுக்கு டேபிள்?" அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் 'க என்பது …' வாக்கியத்துக்கு விலக்கு இல்லை. இந்த விலக்கு சரியான முடிவுதான். தேவைப்படாதவரிடம் அட்டவணையைத் திணித்தால் அது இன்னொரு சடங்காகிவிடும்.

வயதும் இலக்கமும்

வயதுக் கணக்கு: 5 ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது மகனின் வயதைப்போல் 8 மடங்கு, 5 ஆண்டுகளுக்குப் பின் 3 மடங்கு. இன்றைய வயது என்ன? முதல் தாளில் பலர் எழுதியது க − 5 = 8ட − 5, க + 5 = 3ட + 5. அடைப்புக்குறி இல்லை. முதலாவது சுருங்கினால் க = 8ட, இரண்டாவது சுருங்கினால் க = 3ட. இரண்டும் சேர்ந்தால் 5ட = 0. தந்தைக்கும் வயது 0, மகனுக்கும் வயது 0. அந்த விடையை அப்படியே எழுதிக் கீழே இரட்டைக் கோடும் இழுத்த தாள் ஒன்று இருந்தது. சரிபார்ப்பைக் கேள்வியில் செய்யச் சொன்னதற்கு இந்தத் தாளும் ஒரு காரணம்.

இங்கே அட்டவணைக்கு மூன்று நிரல்கள்: 5 ஆண்டுக்கு முன், இன்று, 5 ஆண்டுக்குப் பின். தந்தை வரிசையில் க − 5, க, க + 5. மகன் வரிசையில் ட − 5, ட, ட + 5. 8 மடங்கு என்பது முதல் நிரலின் மகன் கட்டத்தை முழுதாகப் பெருக்குவது. கட்டம்தான் அடைப்புக்குறி. க − 5 = 8(ட − 5), க + 5 = 3(ட + 5). இவற்றிலிருந்து க = 8ட − 35, க = 3ட + 10. எனவே 5ட = 45. மகனுக்கு 9, தந்தைக்கு 37. சரிபார்த்தால் அன்று 4, 32. பின்னர் 14, 42. மடங்கு எந்தப் பக்கம் என்ற குழப்பமும் ஊக எண் வைத்ததும் தீர்ந்தது. 8 × 32 = 4 என்று எழுத யாருக்கும் கை வராது.

இலக்கக் கணக்கில் தவறு வேறு மாதிரி. இலக்கங்களின் கூடுதல் 11, இடம் மாற்றினால் 27 கூடும். எண்ணைக் 'கட' என்றும், மாற்றிய எண்ணை 'டக' என்றும் எழுதி, டக − கட = 27 என்றார்கள். இயற்கணிதத்தில் இரண்டு எழுத்து ஒட்டி நின்றால் பெருக்கல். பெருக்கலில் வரிசை மாறினால் மதிப்பு மாறாது, ஆக 0 = 27. ஊக எண்ணாக 38 வைத்து, 'முப்பத்தெட்டு என்பது மூன்று பத்தும் எட்டும்' என்று 10 × 3 + 8 எழுத வைத்ததும் 10க + ட வந்தது. (10ட + க) − (10க + ட) = 27 என்பது ட − க = 3 ஆகச் சுருங்கும். க + ட = 11உடன் சேர்த்தால் எண் 47.

ஓகேனக்கல் பரிசலை வைத்து ஒரு வேகக் கணக்கும் தந்தார்கள்: நீரோட்டத்தோடு 6 கிலோமீட்டர் 1 மணியில், எதிர்த்து 3 மணியில். அதில் பெரிய சிக்கல் எழவில்லை. நிலைநீரில் வேகம் 4, நீரோட்டம் 2 என்று விரைவாக முடித்தார்கள். அங்கே போய்ப் பார்த்த ஒருவன், அந்த வேகத்தில் பரிசலை எதிர்த்து ஓட்ட முடியாது என்று வாதாடினான். கணக்கைவிட அவன் வாதம் வலுவாக இருந்தது.

சந்தைச் சீட்டுகள்

அடுத்து, பிள்ளைகளே வீட்டுச் செலவிலிருந்து கணக்கு கொண்டுவரட்டும் என்று முடிவானது. பெரும்பாலோர் போச்சம்பள்ளி சந்தையிலும் பக்கத்துக் கடைகளிலும் வாங்கியதை எழுதி வந்தார்கள். சில அழகாக அமைந்தன: 3 கிலோ தக்காளியும் 2 கிலோ வெங்காயமும் 130 ரூபாய், 2 கிலோ தக்காளியும் 3 கிலோ வெங்காயமும் 145 ரூபாய். கூட்டினால் 5க + 5ட = 275, க + ட = 55. கழித்தால் ட − க = 15. தக்காளி 20, வெங்காயம் 35.

ஒரு மாணவியின் கணக்கு மட்டும் உதைத்தது. 5 கிலோ தக்காளி, 1 கிலோ வெங்காயம் 135 ரூபாய். 1 கிலோ தக்காளி, 1 கிலோ வெங்காயம் 60 ரூபாய். கழித்தால் 4க = 75, தக்காளி 18.75, வெங்காயம் 41.25. அந்த விலையைக் கடைக்காரர் சொல்லவே இல்லை என்று அவள் உறுதியாக நின்றாள். விசாரித்ததில் தெரிந்தது: 'கிலோ இருபத்தஞ்சு, அஞ்சு கிலோ நூறு'. ஐந்து கிலோ எடுத்தால் கிலோ 20, ஒன்று எடுத்தால் 25. வெங்காயம் 35தான்.

ஒரு கிலோவின் விலை இரண்டு சீட்டிலும் ஒன்றே என்ற உறுதி இருந்தால்தான் அதற்கு ஒரே எழுத்தை வைக்க முடியும். நேரிய சமன்பாட்டின் அடிப்படை நிபந்தனையே இதுதான். பாடநூல் கணக்கு அதைச் சொல்லாமலே எடுத்துக்கொள்ளும். அந்தச் சீட்டை வைத்து ஒரு முழுப் பாடவேளை பேசினார்கள். அந்தத் தொடரிலேயே அதிகம் பயன்பட்ட பாடவேளை அது என்று சொல்லலாம்.

இன்னொருவன் கொண்டுவந்தது: 2 பெட்டி தக்காளியும் 3 பெட்டி கத்தரியும் 1,300, 4 பெட்டியும் 6 பெட்டியும் 2,600. முதல் சீட்டையே இரட்டித்து எழுதியிருந்தான். கெழுக்களின் (எழுத்துகளைப் பெருக்கும் எண்களின்) விகிதமும் மாறிலிகளின் (எழுத்தில்லாமல் நிற்கும் எண்களின்) விகிதமும் ஒன்றே, ஆக எண்ணற்ற தீர்வுகள். இரண்டாவதன் தொகை 2,500 என்றிருந்தால் தீர்வே இல்லை என்பதையும், கடையில் அதற்குப் பொருள் 'மொத்தமாக வாங்கியதால் நூறு ரூபாய் தள்ளுபடி' என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

விளைவு

அரையாண்டுக்கு முன் அதே நான்கு கேள்விகளை எண் மாற்றி வைத்தார்கள். மாங்காய்க் கணக்கை வகுப்பில் பாதிக்கு மேல் சரியாக எழுதினார்கள். ரூபாயும் கிலோவும் கலந்த சமன்பாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது. வயதுக் கணக்கில் அடைப்புக்குறி தவறு குறைந்தது. மண்டிப் பையன் இரண்டு சமன்பாடுகளையும் எழுதி, ஓரத்தில் தன் மனக்கணக்கையும் எழுதிச் சரிபார்த்திருந்தான்.

முன்னேறாத கூட்டமும் இருந்தது. அவர்களில் சிலருக்குச் சிக்கல் சமன்பாட்டில் இல்லை, கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதிலேயே இருந்தது. அதற்கு இந்த அட்டவணை மருந்தல்ல. வேறு சிலர் 'க என்பது செந்தூராவின் எடை, கிலோவில்' என்ற வரியை மனப்பாடமாக்கி, வயதுக் கணக்கிலும் 'கிலோவில்' என்றே எழுதியிருந்தார்கள்.

மாற்ற வேண்டியவை

ஊக அட்டவணையை ஒருமாறிச் சமன்பாட்டு நிலையிலேயே, எட்டாம் வகுப்பில் தொடங்க வேண்டும். இங்கே இரண்டு புதிய பழக்கங்களை ஒரே நேரத்தில் ஏற்றியதால் முதல் வாரம் மிக மெதுவாகப் போனது. சந்தைச் சீட்டுகளைக் கடைசிக்குத் தள்ளாமல், பாடநூல் கணக்குகளுக்கு முன்பே தரலாம்.

அட்டவணை வெளிப்படையாகத் தோற்ற இடம் குழாய்க் கணக்கு. முதல் குழாயை 2 மணி நேரமும் இரண்டாம் குழாயை 6 மணி நேரமும் திறந்தால் தொட்டி நிரம்பும், 4 மணியும் 3 மணியும் திறந்தாலும் நிரம்பும். ஒவ்வொரு குழாயும் தனியே நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்? 'க என்பது முதல் குழாய் தனியே நிரப்பும் நேரம், மணியில்' என்று பிள்ளைகள் ஒழுங்காக எழுதினார்கள். அடுத்த வரியில் 2க + 6ட = 1, 4க + 3ட = 1 என்று எழுதி, க = 1/6 மணி, அதாவது 10 நிமிடம் என்று முடித்தார்கள். பத்தே நிமிடத்தில் தொட்டியை நிரப்பும் குழாயை 2 மணி நேரம் திறந்து வைத்திருப்பதாகக் கணக்கு சொல்கிறதே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சமன்பாடுகள் உண்மையில் சரியே. ஆனால் அவற்றில் க என்பது ஒரு மணியில் நிரம்பும் பங்கு. க = 1/6, ட = 1/9. எனவே முதல் குழாய்க்கு 6 மணி, இரண்டாவதற்கு 9 மணி. கேட்கப்பட்டது ஒன்று, எழுத்து நிற்க வேண்டியது வேறொன்று என்ற நிலையை மாங்காயும் வயதும் பழக்கவில்லை. அடுத்த முறை இந்த வகைக்கு முன் ஒரு தனிப் பாடவேளை ஒதுக்கி, '6 மணியில் நிரம்பினால் ஒரு மணியில் எவ்வளவு?' என்ற ஒற்றைக் கேள்வியை எண்களை மாற்றி மாற்றிக் கேட்பது என்றும், அட்டவணையில் 'ஒரு மணியில் நிரம்பும் பங்கு' என்ற நிரலை ஆசிரியரே முதலில் வரைந்து தருவது என்றும் இரு ஆசிரியர்களும் பாடக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.